காரின் பிரேக் பிரஷர் சென்சார்: லேப்டாப் துணையோடு நாமே மாற்றலாமா?

கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. கடிதம் டைப் அடிக்கத் தெரிகிறது, படம் பார்க்கத் தெரிகிறது, இன்டர்நெட்டில் டிக்கெட் எடுக்கத் தெரிகிறது. "வேறு என்ன சார் செய்யலாம்?" என்று கேட்கும் வாசகர்களுக்கு இந்த மாதம் கொஞ்சம் வித்தியாசமான பாடம். உங்கள் லேப்டாப்பை ஒரு கேபிள் மூலம் காருடன் இணைத்து, காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரிடம் பேசப் போகிறோம். அது "பிரேக் பிரஷர் சென்சார் சரியில்லை" என்று புகார் சொன்னால், அதை நம்பலாமா, எப்படிச் சோதிப்பது, எப்படி மாற்றுவது என்று பார்க்கப் போகிறோம்.

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. பிரின்டரில் கை வைத்துத் தவறு செய்தால் ஒரு பேப்பர் வீணாகும். பிரேக்கில் தவறு செய்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இந்தப் பாடத்தின் முதல் பாதியை, அதாவது படித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலையை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஸ்பேனர் பிடிக்கும் இரண்டாம் பாதியை, பிரேக் வேலையில் ஏற்கெனவே பழக்கம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

மஞ்சள் விளக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே வசிக்கும் என் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரிடம் 2001-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார் ஒன்று இருந்தது. நான்காம் தலைமுறை கோல்ஃப், இரண்டாம் கையாக வாங்கியது. டேஷ்போர்டில் ஈஎஸ்பி எனப்படும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. காலையில் எரியாது, அலுவலகம் போய்ச் சேருவதற்குள் எரியும்.

"அத்தான், இன்னும் மூணு வாரத்துல இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு. இந்த விளக்கு எரிஞ்சா ஃபெயில்தான்" என்றார். அங்கே பழைய கார்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். ஏபிஎஸ், ஈஎஸ்பி விளக்கு எரிந்தால் தேறாது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். ஹைட்ராலிக் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையும் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொகைக்கு அதே மாதிரி இன்னொரு பழைய கார் கிடைக்கும்.

ஈஎஸ்பி என்றால் என்ன? கார் வளைவில் சறுக்கத் தொடங்கினால், எந்தச் சக்கரத்தில் எவ்வளவு பிரேக் பிடித்தால் கார் நேராகும் என்று கணக்கிட்டு, அந்த ஒரு சக்கரத்தில் மட்டும் தானே பிரேக் பிடிக்கும் ஏற்பாடு. 1995-இல் மெர்சிடிஸ் காரில் போஷ் நிறுவனத்தோடு சேர்ந்து முதலில் கொண்டுவந்தார்கள். 1997-இல் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரைத் திடீரென்று வளைத்து ஓட்டிச் சோதித்தபோது கார் கவிழ்ந்துவிட்டது. அதன் பிறகு அந்தச் சின்னக் காரிலும் ஈஎஸ்பி வந்தது. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம்.

இந்தக் கணக்கைப் போட ஈஎஸ்பி கம்ப்யூட்டருக்குப் பல விவரங்கள் தேவை. ஒவ்வொரு சக்கரத்தின் வேகம், ஸ்டியரிங் திரும்பிய அளவு, கார் பக்கவாட்டில் தள்ளப்படும் வேகம், இவற்றோடு டிரைவர் இப்போது எவ்வளவு அழுத்தி பிரேக் பிடிக்கிறார் என்ற விவரமும். கடைசி விவரத்தைக் கொடுப்பதுதான் பிரேக் பிரஷர் சென்சார். கட்டைவிரல் பருமனில் ஒரு உலோகத் துண்டு. ஒரு முனையில் பிரேக் ஆயில் அழுத்துகிறது, மறுமுனையில் வயர் போகிறது. அழுத்தத்தைப் 'பார்' என்ற அளவில் சொல்வார்கள். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 பார். பிரேக்கை அழுத்தி மிதித்தால் பிரேக் குழாய்க்குள் 100 பாரைத் தாண்டும். அவ்வளவு அழுத்தம் தாங்கும் இடத்தில்தான் நாம் ஸ்பேனர் வைக்கப் போகிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

சென்சார் பழுதானால் சாதாரண பிரேக் நின்றுவிடாது. பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது ஆயில்தான். அது தன் வேலையைச் செய்யும். ஆனால் ஈஎஸ்பி "எனக்குக் கிடைக்கும் தகவலை நம்ப முடியவில்லை" என்று விளக்கை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மழையில் நெடுஞ்சாலையில் போகும்போது அது ஒதுங்கியிருப்பது நல்லதல்ல.

கேபிளும் சாஃப்ட்வேரும்

ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தால் 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களில் 2001 முதலும், இந்தியாவில் 2013 முதலும் இந்த ஓபிடி-2 ஏற்பாடு புதிய கார்களில் கட்டாயம். அதில் மாட்டும் ப்ளூடூத் ரீடர்கள் மிக மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

பழுதுக் குறியீடுகளின் முதல் எழுத்தைப் பாருங்கள். 'பி' என்ற வரிசையில் தொடங்குபவை எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டவை. 'சி' வரிசை பிரேக், ஸ்டியரிங் போன்ற அடிப்பகுதிக்கானது. டொயோட்டா கார்களில் மாஸ்டர் சிலிண்டர் பிரஷர் சென்சாருக்கான குறியீடு சி1246. மலிவு ரீடர்களும் அவற்றோடு வரும் இலவச ஆப்களும் பெரும்பாலும் எஞ்சினோடு மட்டுமே பேசும். "பழுது எதுவும் இல்லை" என்று திரையில் பச்சை நிறத்தில் காட்டும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அது பொய் சொல்லவில்லை. ஏபிஎஸ் கம்ப்யூட்டரிடம் கேட்கவே இல்லை, அவ்வளவுதான். எனவே வாங்கும்முன் "என் காரின் ஏபிஎஸ் யூனிட்டை இது படிக்குமா?" என்று அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

ஃபோக்ஸ்வாகன், ஆடி, ஸ்கோடா, சீட் கார்களுக்கு விசிடிஎஸ் என்ற சாஃப்ட்வேர் பிரபலம். முன்பு வாக்-காம் என்று பெயர். அமெரிக்காவின் ராஸ்-டெக் நிறுவனத் தயாரிப்பு. கேபிளோடு சேர்த்து விலை கொடுத்து வாங்க வேண்டும். மைத்துனரின் நண்பர் ஒருவரிடம் இருந்தது. பாதி விலைக்கும் கால் விலைக்கும் போலிக் கேபிள்கள் சந்தையில் கிடைக்கும். சாதாரண விளையாட்டு சிடியைக் காப்பி அடிப்பது போல இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரேக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுக்கும் கேபிள் இது. நடுவில் தொடர்பு அறுந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்து, கேபிளை யுஎஸ்பி போர்ட்டில் மாட்டுங்கள். விண்டோஸ் தானாக டிரைவரைத் தேடிப் போட்டுக்கொள்ளும். (இது காரை ஓட்டும் டிரைவர் இல்லை, கேபிளை விண்டோஸுக்கு அறிமுகப்படுத்தும் சிறிய புரோகிராம்.) மறுமுனையைக் காரின் சாக்கெட்டில் மாட்டி, சாவியைத் திருப்பி இக்னிஷனை ஆன் செய்யுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். விசிடிஎஸ் திரையில் 'ஆப்ஷன்ஸ்' என்பதைக் கிளிக் செய்து, வரும் விண்டோவில் 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். கேபிள் கிடைத்துவிட்டது என்று சிறிய பெட்டியில் செய்தி வரும். பிறகு 'செலக்ட்' கிளிக் செய்து, பட்டியலில் '03' என்ற எண்ணில் இருக்கும் ஏபிஎஸ் பிரேக்ஸைத் தேர்ந்தெடுங்கள். 'ஃபால்ட் கோட்ஸ்' பட்டனை அழுத்தினால் குறியீடுகள் வரும்.

எங்களுக்கு வந்தது 01435. பிரேக் பிரஷர் சென்சார் 1, ஜி201. பக்கத்திலேயே "நம்பத்தகாத சிக்னல், விட்டு விட்டு வருகிறது" என்ற பொருளில் ஒரு வரி.

இந்த இடத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கீழே 'கிளியர் கோட்ஸ்' என்று ஒரு பட்டன் இருந்தது. பட்டன் இருந்தால் அழுத்திப் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அழுத்தினேன். விளக்கு அணைந்தது, திரையும் சுத்தமானது. மைத்துனர் கை குலுக்கினார். அப்புறம்தான் அந்த வரியை நாங்கள் எங்கும் சேமித்து வைக்கவில்லை என்று உறைத்தது. வேறு ஏதாவது குறியீடு கூடவே இருந்ததா என்றும் கவனிக்கவில்லை. விளக்கு மறுபடி எரிய இரண்டு நாள் காத்திருந்தோம். ஆகவே முதலில் 'சேவ்'. ஒரு ஃபைலாக, தேதியைப் பெயரில் போட்டு, மை டாக்குமென்ட்ஸில் வையுங்கள். பிரின்ட் எடுத்து வைத்தாலும் சரி. அதன் பிறகு கிளியர் செய்யலாம்.

குறியீடு என்பது தீர்ப்பா?

பலரும் தவறு செய்யும் இடம் இதுதான். திரையில் 'பிரேக் பிரஷர் சென்சார்' என்று பெயர் வந்ததும் கடைக்கு ஓடி சென்சார் வாங்கிவிடுகிறார்கள். கார் கம்ப்யூட்டர் "சென்சார் கெட்டுவிட்டது" என்று சொல்லவில்லை. "சென்சாரிடமிருந்து வரும் தகவல் மற்ற தகவல்களோடு ஒத்துப்போகவில்லை" என்றுதான் சொல்கிறது. ஒத்துப்போகாததற்கு மூன்று பேர் மேல் சந்தேகப்படலாம். ஒன்று, சென்சார். இரண்டு, அதற்குப் போகும் வயரும் கனெக்டரும். மூன்று, பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் லைட் சுவிட்ச்.

மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் பெடலை மிதித்தால் பின்புறச் சிவப்பு விளக்கை ஏற்றும் சுவிட்ச் அது. அதே தகவல் ஈஎஸ்பிக்கும் போகிறது. "கால் பெடலில் இருக்கிறது" என்று சுவிட்ச் சொல்லி, அழுத்தம் ஏறுகிறது என்று சென்சாரும் சொன்னால் இரண்டும் பொருந்துகின்றன. சுவிட்ச் பழுதாகி "கால் பெடலில் இல்லை" என்று சொல்லும்போது சென்சார் 40 பார் காட்டினால்? ஈஎஸ்பி சந்தேகப்படுவது நல்ல நிலையில் இருக்கும் சென்சாரைத்தான். சுவிட்சின் விலை மிகக் குறைவு. மாற்றுவதற்குப் பிரேக் ஆயிலைத் தொடவே வேண்டாம். வீணாக ஒரு சென்சார் வாங்கி, ஆயிலை இறக்கி ஏற்றி, கடைசியில் விளக்கு மறுபடி எரிந்தவர்கள் எத்தனையோ பேர்.

யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்கத்தான் லேப்டாப். 'மெஷரிங் பிளாக்ஸ்' என்ற பட்டன், சென்சார்கள் இந்த நொடியில் என்ன சொல்கின்றன என்று எண்களாகக் காட்டும். பெடலைத் தொடாமல் பாருங்கள்: அழுத்தம் பூஜ்யம் அல்லது அதை ஒட்டி ஓரிரு பார். மெதுவாக மிதியுங்கள்: எண் சீராக ஏற வேண்டும். விடுங்கள்: உடனே இறங்க வேண்டும். கூடவே பிரேக் லைட் சுவிட்சின் நிலையும் அதே திரையில் தெரியும். மைத்துனர் மிதித்தார், நான் பார்த்தேன். சுவிட்ச் ஒவ்வொரு முறையும் சரியாக மாறியது. அழுத்தமும் சரியாகவே ஏறி இறங்கியது! எல்லாம் நன்றாக இருக்கிறது, விளக்கு மட்டும் எரிகிறது. பழுது சூடானால்தான் வருகிறது போலும்.

வீட்டு வாசலில் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுச் சூடாக்கலாம் என்றேன். ஜெர்மனியில் அது சட்டப்படி தவறாம். சட்டத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார் என்றார் மைத்துனர். எனவே அவர் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காரை ஓட்டுபவர் ஒருபோதும் திரையைப் பார்க்கக் கூடாது. இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்.

எண்களைக் கண்ணால் பார்த்து நினைவில் வைக்க முடியாது. 'லாக்' பட்டனை அழுத்தினால் வரும் எண்களை எல்லாம் நேரத்தோடு சேர்த்து ஒரு சிஎஸ்வி ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். இந்தப் பழைய காரில் வினாடிக்கு மூன்று நான்கு அளவுகள்தான் வரும். நமக்கு அதுவே போதும். முதல் நாள் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் ஃபைலில் பத்து நிமிடக் கணக்குதான் இருந்தது. யாரும் கீபோர்டைத் தொடவில்லை என்று லேப்டாப் தூங்கப் போய்விட்டது! கிளம்பும் முன் விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' என்று மாற்றுங்கள். பேட்டரியையும் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள்.

இரண்டாம் நாள் முழுக் கணக்கும் கிடைத்தது. மைத்துனரின் கம்ப்யூட்டரில் எக்ஸெலில் திறந்தால் எல்லா எண்களும் ஒரே காலத்தில் குவிந்து கிடந்தன. நம் ஊரில் மூன்றரை என்பதை 3.5 என்று புள்ளி வைத்து எழுதுகிறோம். ஜெர்மனியில் 3,5 என்று கமா போட்டு எழுதுவார்கள். ஆகவே அங்குள்ள எக்ஸெல், கமாவைப் பார்த்தால் அடுத்த காலம் என்று எடுத்துக்கொள்ளாது. 'டேட்டா' மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போய், பிரிக்கும் குறியாகக் கமாவையும், தசமக் குறியாகப் புள்ளியையும் தேர்ந்தெடுத்த பிறகு ஒழுங்காகப் பிரிந்தது. நேரம் உள்ள காலத்தையும் அழுத்தம் உள்ள காலத்தையும் தேர்ந்தெடுத்து, 'இன்ஸர்ட்' மெனுவில் லைன் சார்ட் போட்டோம்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. முதல் பதினைந்து நிமிடம் கோடு தரையில் படுத்திருக்கிறது. பிரேக் பிடிக்கும் இடங்களில் மட்டும் குச்சி குச்சியாக மேலே எழுந்து மறுபடி தரைக்கு வருகிறது. அதன் பிறகு தரையே மெல்ல மேலேறுகிறது. 4 பார், 9 பார், கடைசியில் 13 பார். பிரேக்கை விட்ட பிறகும் கோடு பூஜ்யத்துக்கு வரவில்லை. சுவிட்ச் "கால் இல்லை" என்கிறது; சென்சார் "லேசாக மிதித்துக்கொண்டே இருக்கிறார்" என்கிறது. சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தோம். பிரேக் உண்மையிலேயே பிடித்துக்கொண்டிருந்தால் ஏதாவது ஒரு சக்கரம் கொதித்திருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தோம், பச்சைக் களிம்பு இல்லை. வயரை ஆட்டினால் எண் துள்ளவில்லை. சூடானால் பூஜ்யத்தை மறக்கும் சென்சார். ஹைட்ராலிக் யூனிட்டின் மேல் எந்தத் தப்பும் இல்லை.

மாற்றும் வேலை

எல்லாக் காரிலும் இந்த சென்சார் தனியாகக் கிடைக்காது. இந்தக் கோல்ஃபில் அது மாஸ்டர் சிலிண்டரில் திருகப்பட்டிருந்தது, கழற்றி மாற்றலாம். 2003-இல் வந்த ஐந்தாம் தலைமுறை கோல்ஃபில் அதே ஜி201 ஹைட்ராலிக் யூனிட்டுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே சென்சார் கெட்டால் யூனிட்டோடுதான் போக வேண்டும்; அது வீட்டு வேலை அல்ல. உங்கள் காரில் எது என்று சர்வீஸ் மேனுவலைப் பார்த்த பிறகே பொருள் வாங்குங்கள். வாங்கும்போது பழைய சென்சாரின் மேல் பொறித்த எண்ணும் புதியதன் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். படத்தில் ஒரே மாதிரி இருந்தது என்று வாங்குவது போதாது.

அங்கே அடுக்குமாடி வாசலில் ஆயில் சிந்தும் வேலை செய்யக் கூடாது. ஆனால் ஒரு நல்ல வசதி உண்டு. மணிக்கணக்கில் வாடகைக்கு இடமும், காரைத் தூக்கும் லிஃப்டும், கருவிகளும் தரும் ஒர்க்‌ஷாப்கள் இருக்கின்றன. வேலையை நாமே செய்துகொள்ளலாம். சந்தேகம் வந்தால் கேட்க ஒரு மெக்கானிக்கும் இருப்பார். ஒரு சனிக்கிழமை காலை அங்கே போனோம்.

கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டோம். பிரேக் ஆயில் கண்ணில் பட்டால் ஆபத்து, காரின் பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொண்டால் சிந்தியதை உடனே கழுவலாம். இந்த ஆயில் தண்ணீரில் கரையும். காற்றில் இருக்கும் ஈரத்தையும் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவு 155 டிகிரிதான். ஆகவே போன வருடம் திறந்து மீதம் வைத்த டப்பா வேண்டாம். சீல் உடைக்காத புது டப்பா. உங்கள் காரின் ஆயில் மூடியில் எந்த வகை என்று எழுதியிருக்கும். அதைத்தான் ஊற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது.

சாவியை எடுத்துவிட்டு, கார் பேட்டரியையும் அதன் தட்டையும் கழற்றினோம். அப்போதுதான் மாஸ்டர் சிலிண்டருக்குக் கை போகும். ஆயில் தொட்டியிலிருந்து சிரிஞ்சால் ஆயிலை உறிஞ்சி அளவைக் குறைத்தோம். கீழே நிறையத் துணி. சென்சாரின் கனெக்டரில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். பழைய காரில் அது அப்பளம் மாதிரி நொறுங்கும், பொறுமையாக நெம்புங்கள். சென்சாரைச் சுற்றி இருக்கும் அழுக்கை முதலில் சுத்தமாகத் துடைக்க வேண்டும். மணல் துகள் ஒன்று உள்ளே போனாலும் சீலைக் கீறிவிடும்.

பிறகு ஆழமான சாக்கெட் போட்டு, ஒரே இழுப்பாக இல்லாமல் மெல்லத் திருகிக் கழற்றினோம். பழையது வெளியே வந்த மறு நொடி புதியது உள்ளே போக வேண்டும். அதைக் கையிலேயே வைத்திருங்கள். ஓட்டை திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் ஆயில் வெளியே வருகிறது, காற்று உள்ளே போகிறது. முதல் சில சுற்றுகளைக் கையால் மட்டுமே திருக வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் அலுமினியம். மரை மாறிப் போனால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. இது தண்ணீர்க் குழாய் அல்ல. கடைசி இறுக்கம் மேனுவல் சொல்லும் அளவுக்கு, டார்க் ரெஞ்சால். அங்கிருந்த மெக்கானிக்கை அழைத்து அதை மட்டும் அவரையே பார்க்கச் சொன்னோம். அவர் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொட்டோம்.

காற்றெடுப்பது பழைய முறைதான். சக்கரத்தின் பின்னால் இருக்கும் நிப்பிளில் கண்ணாடிக் குழாயை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிட வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, குமிழ் போனதும் மூடிவிட்டு "விடு" என்று சொல்ல வேண்டும். குமிழ் நிற்கும்வரை நான்கு சக்கரத்துக்கும் இதேதான். எந்தச் சக்கரம் முதலில் என்பது காருக்குக் கார் மாறும். தொட்டியில் ஆயில் தீர்ந்துபோக விடவே கூடாது. விட்டால் காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போய்விடும். அதை வெளியேற்ற லேப்டாப் மூலம் பம்ப்பை ஓடவிட வேண்டிவரும். இன்னொன்று, பழைய காரில் பெடலைத் தரைவரை மிதிக்கச் சொல்லாதீர்கள். வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் பிஸ்டன் போனால், அங்கே படிந்திருக்கும் துரு சீலைக் கிழித்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு சின்ன மரக்கட்டை வைத்தோம்.

பேட்டரியை மாட்டினோம். எஞ்சின் ஆஃப் நிலையில் பெடல் கல் மாதிரி நிற்க வேண்டும். காலை வைத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தால் லேசாக ஒரு முறை இறங்கி நின்றுவிடும். அது சரிதான், பூஸ்டர் உதவுகிறது. ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தும் மேலும் இறங்காமல் இருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடமும் மற்றவர் டார்ச் அடித்துச் சென்சாரின் அடியைப் பார்க்க வேண்டும். பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினாலோ, ஒரு சொட்டு கசிந்தாலோ கார் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. டோ வண்டியை அழையுங்கள்.

மறுபடி லேப்டாப்

வெறும் பொருளை மாற்றினால் வேலை முடியாது. புதுத் தராசில் முதலில் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவது போல, புதுச் சென்சாரின் பூஜ்யம் எது என்று ஈஎஸ்பிக்குச் சொல்ல வேண்டும். கார் சமதரையில், இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப், யார் காலும் பெடலில் இல்லை. ஏபிஎஸ் மாட்யூலுக்குள் போய், 'லாகின்' பெட்டியில் மேனுவல் சொல்லும் எண்ணைக் கொடுத்து, 'பேஸிக் செட்டிங்ஸ்' கிளிக் செய்து, பிரஷர் சென்சாருக்கான குரூப் எண்ணை டைப் அடிக்க வேண்டும். இந்த எண்கள் யூனிட்டுக்கு யூனிட் மாறுவதால் இங்கே நான் தரவில்லை. பக்கத்து எண் வேறொரு சென்சாருடையதாக இருக்கும். தவறான எண்ணைப் போட்டு 'என்னதான் ஆகிறது பார்ப்போமே' என்று விளையாட இது இடமில்லை. உங்கள் காரின் மேனுவலில் உள்ள எண், ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து.

செட்டிங் முடிந்ததும் கோட்களைச் சேமித்து, பிறகு கிளியர் செய்தோம். பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் ஈஎஸ்பி விளக்கு மீண்டும் எரிந்தது, பயந்துவிடாதீர்கள். ஸ்டியரிங்கின் நேர்நிலையை அது மறந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பின் காலி முற்றத்தில் நடைவேகத்தில் நேராக ஓட்டினோம், விளக்கு அணைந்தது. அதே முற்றத்தில் நடைவேகத்தில் நாலைந்து முறை பிரேக், பிறகு 30 கிலோமீட்டர் வேகத்தில், அதன் பிறகுதான் சாலை.

மறுநாள் அதே வழியில், அதே நேரம், அதே லாக். எக்ஸெலில் பழைய கோட்டுக்கு மேல் புதுக் கோட்டை வேறு நிறத்தில் போட்டுப் பார்த்தோம். நாற்பது நிமிடமும் தரை தரையிலேயே இருந்தது. இரண்டு கோடுகளையும் ஒரே பக்கத்தில் பிரின்ட் எடுத்து, பழைய ஆயிலை ஊராட்சியின் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுக்கப் போகும்போது, வழியில் அந்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக்குக்கும் ஒரு பிரதி கொடுத்தார் மைத்துனர்.

இன்ஸ்பெக்‌ஷனில் கார் தேறியது. ரேடியோ மட்டும் பாடவில்லை. அந்தக் காலத்துக் கோல்ஃபில் பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ நான்கு இலக்க ரகசிய எண் கேட்கும். பேட்டரியைத் தொடும் முன் அதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு நினைவில்லை; எண் எழுதிய அட்டை முந்தைய உரிமையாளரோடு போய்விட்டது. நான் ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்துப் போனில் பேசியபோதும் மைத்துனர் பாட்டு இல்லாமல்தான் அலுவலகம் போய்க்கொண்டிருந்தார்.